நானே போட்ட மூன்றாம் பூட்டு

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் சபதம் செய்யலாம். தப்பில்லை. ஆனால் குடியிருப்போர் கூட்டத்தில், ஒன்பது மாடிக்காரர்களும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, எழுந்து நின்று செய்யக் கூடாது. நான் செய்தேன். "இந்தக் கட்டடத்துத் தண்ணி மோட்டாரை ஒரு பொம்மை கையில ஒப்படைக்க, நான் உயிரோட இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்" என்றேன். பொம்மை என்று நான் சொன்னது என் மனைவி ஷாஹினாஸ் கையில் வைத்திருந்த நீல நிற மின்சுற்றுப் பலகையை. மனைவியையே சொன்னதாகப் பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். அதைத் தெளிவுபடுத்துவதிலேயே கால் மணி நேரம் போயிற்று.

விஷயம் இதுதான். நைல் கரையோர ஷுப்ராவில் எங்கள் தெருக் குழாயில் மாலை ஐந்திலிருந்து ஆறு வரைதான் தண்ணீர் வேகமாக வரும். தண்ணீர் நிலையத்து ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துத் திறப்பார்கள், கடிகாரத்தைப் பார்த்து மூடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நிலவறை மோட்டாரை ஓட்டி மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். காவலாளி ஷஹாத்தாதான் அதைச் செய்துவந்தார். அவர் குடியிருப்பது மொட்டைமாடி அறையில். தொட்டி வழிவதைப் பார்த்து அணைக்க வசதி என்று சுவிட்சையும் அங்கேயே வைத்துக்கொண்டார். பெருநாள் முடிந்ததும், கோதுமை அறுப்பு, மகள் கல்யாணம் என்று இரண்டு மாதத்துக்கு சோஹாகில் இருக்கும் தன் ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஆளாளுக்கு முறை வைத்து சுவிட்ச் போட்டோம். மூன்றாம் நாளே எட்டாம் மாடிக்காரர் தலை நிறைய சோப்பு நுரையோடு லிஃப்டில் இறங்கி வந்து, இன்று யார் முறை என்று கேட்டார். அதற்காகத்தான் கூட்டம். கூட்டத்தில் ஷாஹினாஸ், "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நான் ஒண்ணு செஞ்சு மாட்டிடறேன், தானா ஓடும், தானா நிக்கும்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

கொதிக்காமல் என்ன செய்யும்? நான் மின்சார மீட்டர் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக மைக்ரோ கண்ட்ரோலர்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சிப். அது எப்போது விழிக்க வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எல்லாம் என் கையில். தெருவில் யாரும் என்னை மெத்ஹத் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாஷ்முஹந்திஸ், அதாவது இன்ஜினியர் ஐயா, என்றுதான். குழாய் ரிப்பேர்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஷாஹினாஸோ பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர். அங்கே அறிவியல் மன்றத்துக்கு இருபது நீலப் பலகைகள் வாங்கினார்கள். எந்த ஆசிரியரும் தொடாததால் இவள் தலையில் கட்டினார்கள். பலகையிலும் ஒரு சிப் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் ஒரு வயரைச் செருகி, எங்கிருந்தோ எட்டு வரியைப் பார்த்து எழுதி, ஒரு பொத்தானை அமுக்கினால் புரோகிராம் உள்ளே போய்விடும். என்ன அநியாயம் இது? இருபத்தாறு வருஷம் நான் எதற்குக் கஷ்டப்பட்டேன்?

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் என் சாமான்களைப் பரப்பினேன். டீபக்கர், அலைகாட்டி, மூன்று வகை மின்வழங்கி. சாப்பாடு அன்றிலிருந்து சோபாவில்.

"ஷாஹி, உன் பலகையில புரோகிராம் ஓடறப்ப உள்ளே என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. வெளியே விளக்கு எரியுது. அது தெரியும்."

"அதான் சொல்றேன். இந்த டீபக்கரை மாட்டினா, ஓடிக்கிட்டிருக்கிற சிப்பை நடு மூச்சில பிடிச்சு நிறுத்தலாம். நிறுத்தி, உள்ளே ஒவ்வொரு அறையிலயும் என்ன இருக்குன்னு பார்க்கலாம். ஒரே ஒரு அடி நகர்த்தலாம். திரும்ப நிறுத்தலாம்."

"எங்களது ஓடுது. அதை எதுக்கு நிறுத்தணும்?"

"தப்பு வந்தா?"

"கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகுவாங்க பிள்ளைங்க."

இதற்கு மேல் என்ன பேசுவது? வேலையில் இறங்கினேன். மூன்று வாரம் ஆயிற்று. நல்ல வேலை என்றால் நாளாகும். அந்த மூன்று வாரமும் கட்டடத்தில் முறை வைத்த மறதி தொடர்ந்தது. வாளியோடு யார் மாடிப்படியில் எதிர்ப்பட்டாலும் என்னைப் பார்த்து, "என்ன பாஷ்முஹந்திஸ், ஆச்சா?" என்பார்கள்.

"தாற்காலிகமா என்னோடதை மாட்டட்டுமா? உங்களது முடிஞ்சதும் கழட்டிடலாம்" என்றாள் ஷாஹினாஸ்.

"மாட்டினா கழட்ட விடமாட்டாங்க. ஜனங்களைப் பத்தி உனக்குத் தெரியாது."

"உங்களது மூணு வாரமா நிறுத்தின இடத்திலயே நிக்குது. அது ஓடுமா?"

"நாற்பது நாள் ஓடும். யாரும் பெட்டியில கை வைக்க வேண்டாம். பார்க்கறியா?"

"பந்தயமா?"

"பந்தயம் ஹராம். ஒப்பந்தம்."

ஒப்பந்தம் போட்டோம். இந்த இடத்தில் ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரை. டாக்டர் நட என்கிறார். ஷாஹினாஸ் நட என்கிறாள். எனக்குக் கால் இருப்பதே நாற்காலியின் கீழே தொங்கப் போடத்தான் என்பது என் கட்சி. ஆகவே ஒப்பந்தம் இப்படி. நாற்பது நாளில் ஒரு நாளாவது தொட்டி காய்ந்தால், அல்லது பெட்டியை நான் திறந்தால், தோல்வி எனக்கு. தினமும் மாலை நைல் கரையில் அவளுடைய அண்ணன், ஓய்வு பெற்ற கர்னல் பஹ்கத்தோடு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். கர்னல் நடப்பது அணிவகுப்பு. அதோடு, தன் சிறுநீரகக் கல்லின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே நடப்பார். நான் ஜெயித்தால் ஒரு வருஷத்துக்கு நடை என்ற சொல்லே வீட்டில் கேட்கக் கூடாது. வியாழன்தோறும் பஸ்பூஸா என்ற ரவை இனிப்பு, சர்க்கரைப் பாகில் ஊறியது, இரண்டு துண்டு.

சனிக்கிழமை பெட்டியை மொட்டைமாடியில் மாட்டினேன். மாட்டுவதற்கு முன் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, சிப்புக்குப் பூட்டுப் போட்டேன். எங்கள் தொழிலில் இது வழக்கம். போட்டிக் கம்பெனிக்காரன் நம் புரோகிராமைத் திருடக் கூடாதே. பூட்டில் மூன்று நிலை உண்டு. முதல் நிலையைத் திறக்கலாம். இரண்டாவதைத் திறந்தால் எல்லாம் அழிந்துபோகும். மூன்றாவதைப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். எழுதியவனே வந்தாலும் சிப் கதவைத் திறக்காது, புது எழுத்தை ஏற்காது. ஷாஹினாஸ் எட்டிப் பார்த்துக் காப்பியடித்துவிடுவாளோ என்று மூன்றாவதைப் போட்டேன். அடுத்த காரியம், பெட்டிக்கு மீட்டருக்குப் போடுவது போல ஈய முத்திரை வைத்தேன். முத்திரை எண்ணை ஷாஹினாஸ் போனில் படம் எடுத்துக்கொண்டாள். படம் எடுக்கும்போது முகத்தில் சின்னச் சிரிப்பு. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு நாள் பெட்டி ராஜாவாக ஓடியது. ஐந்து அடித்தால் மோட்டார். தொட்டி நிரம்பினால் நிற்கும். பச்சை விளக்கு எரியும். படியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் வணக்கம் வைத்தார்கள்.

ஏழாம் நாள் ஏப்ரல் மாதக் கடைசி வெள்ளி. நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் நாள். இந்தக் கோடைக்கால நேரத்தை அரசாங்கம் கொண்டுவரும், எடுக்கும், திரும்பக் கொண்டுவரும். அதில் வெறுத்துப்போய், என் புரோகிராமில் அதைச் சேர்க்கவே இல்லை. சேர்க்கவில்லை என்பது எனக்கு நினைவும் இல்லை.

சனி காலை ஒன்பதாம் மாடி இன்ஷிராஹ் அம்மாவிடமிருந்து போன். விதவை, ஓய்வு பெற்ற தபால் நிலைய அதிகாரி. ஒரு எழுத்துக்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

"பாஷ்முஹந்திஸ், குழாயில இருமல் சத்தம் மட்டும் வருது."

லிஃப்டில் மேலே போனேன். பெட்டியில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. தொட்டியின் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர். ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஊருக்கு ஆறு மணி என்றால் என் பெட்டிக்கு ஐந்து. தண்ணீர் நின்ற பிறகு பெட்டி விழிக்கிறது. குழாய் காய்ந்திருப்பதைப் பார்க்கிறது. மோட்டார் எரிந்துவிடக் கூடாதே என்று, நான் பார்த்துப் பார்த்து எழுதிய பாதுகாப்பின்படி, மோட்டாரை நிறுத்திவிடுகிறது. பிறகு எல்லாம் சுகம் என்று பச்சை விளக்கு போடுகிறது.

திருத்த வேண்டியது ஒரே ஒரு எண். பெட்டியின் பக்கவாட்டில் டீபக்கர் செருக ஒரு துளை விட்டிருந்தேன், முத்திரையைத் தொடாமலே செருகலாம். ஓடிப்போய் டீபக்கரையும் மடிக்கணினியையும் எடுத்துவந்து மாட்டினேன். "சிப் பதில் தரவில்லை" என்றது திரை. மூன்றாம் பூட்டு. கூடப்பிறந்தவன் கேட்டாலும் வாய் திறக்காத அளவுக்கு இறுக்கமாகப் பூட்டியிருந்தேன். நாட்டிலேயே சிறந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, நானே எழுதிய புரோகிராமின் வாசலில் பிச்சைக்காரனாக உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. சிப்பையே மாற்றினால் சரியாகும். ஆனால் முத்திரையை உடைக்க வேண்டும். உடைத்தால் கர்னல்.

கீழே வந்தேன்.

"என்ன ஆச்சு?" என்றாள் ஷாஹினாஸ்.

"ஒண்ணுமில்லை. தொட்டியில இன்னும் தண்ணி இருக்கு. குழாயில காத்து அடைச்சிருக்கு."

"நேத்து கடிகாரத்தைத் திருப்பியாச்சே. உங்க பெட்டிக்குத் தெரியுமா?"

"தொழில்முறை வேலைன்னா எல்லாம் பார்த்துத்தான் செஞ்சிருக்கும்."

"அப்படியா, சரி" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் இவ்வளவு சீக்கிரம் நம்பி நான் பார்த்ததில்லை. என் குரலில் அவ்வளவு உறுதி இருந்திருக்கிறது.

வழி ஒன்று இருந்தது. ஷஹாத்தாவின் பழைய சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரிலேயே இருந்தது. அதைப் போட்டால் மோட்டார் ஓடும். நான் பெட்டியில் கை வைக்கவில்லை, சுவரில் கை வைக்கிறேன். ஒப்பந்தத்தில் சுவரைப் பற்றி ஒன்றுமில்லை.

ஒரே சிக்கல் லிஃப்ட். எங்கள் லிஃப்ட் கதவு மூடியதும் பயணப் பிரார்த்தனையை உரத்த குரலில் ஓதிவிட்டுத்தான் புறப்படும். நாங்கள் இருக்கும் இரண்டாம் மாடியில் ஓத ஆரம்பித்தால் எங்கள் வீட்டுச் சமையலறைவரை கேட்கும். மேலே போகிறதா கீழே போகிறதா என்று சத்தத்தை வைத்தே ஷாஹினாஸ் சொல்லிவிடுவாள். ரகசியமாகப் போக வேண்டுமென்றால் படிதான். ஏழு மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. நூற்று அறுபத்தெட்டுப் படி. எண்ணியிருக்கிறேன்.

"கஹ்வாக் கடைக்குப் போய் ரெண்டு ஆட்டம் தாவ்லா பகடை ஆடிட்டு வரேன்" என்பேன், ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது.

"ஜெயிச்சுட்டு வாங்க" என்பாள் ஷாஹினாஸ், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

கதவைத் திறந்து, தடதடவென்று பாதிப் படி இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை நடையில் எங்கள் வாசலைத் தாண்டி மேலே ஏறுவேன். முதல் நாள் நான்காம் மாடியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆறாம் மாடியில், உயிர் போகும்போது சொல்லும் கலிமாவைச் சொன்னேன். ஒன்பதாம் மாடியில் இன்ஷிராஹ் அம்மா கதவைத் திறந்து நின்றார்.

"என்ன பாஷ்முஹந்திஸ், கையில செருப்பு?"

"புறா பார்க்கப் போறேன். ஷஹாத்தாவோட புறா. செருப்புச் சத்தம் கேட்டா பயந்துக்கும்."

"அது சரி. உள்ளே வந்து உக்காருங்க, எலுமிச்சைச் சாறு தரேன். மூஞ்சி பீட்ரூட் மாதிரி இருக்கு."

அதிலிருந்து தினமும் வாசலில் ஒரு டம்ளரோடு நின்றார், அந்தம்மாவும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. பெண்களுக்கு இந்த வயதில் கடிகாரத்தின்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது போலும்.

மூன்றாம் நாளிலிருந்து ஒன்று கவனித்தேன். சுவிட்சைப் போட்டதும் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அரை நொடி தாமதித்து எரிந்தது. அனுபவசாலி என்பதால் உடனே காரணம் கண்டுபிடித்தேன். மோட்டாருக்கு வயதாகிவிட்டது.

இடையில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்திருக்கவே முடியவில்லை. தொட்டி காய்ந்திருக்கும், கர்னல் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார் என்று போர்வைக்குள் நடுங்கினேன். ஒரு வீட்டிலும் தண்ணீர் நிற்கவில்லை. நான் படுத்திருப்பது தெரிந்து எல்லோரும் மரியாதையாகக் குறைத்துச் செலவழித்திருக்கிறார்கள் என்று நினைத்து மனம் நெகிழ்ந்தேன்.

மாதம் ஓடியது. டாக்டரிடம் வழக்கமான பரிசோதனை. அறிக்கையைப் பார்த்துவிட்டு, "நடை நல்லாப் போகுது போல" என்றார். நான் தலையாட்டினேன். நடக்காமலே சர்க்கரை இறங்கும் என்ற என் கட்சி நிரூபணமானதாக உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். பாருங்கள், மனிதனுக்குக் கண் எங்கே இருக்கிறது.

நாற்பதாம் நாள், புதன்கிழமை, கட்டடமே மொட்டைமாடிக்கு வந்தது. முத்திரை உடையவில்லை. எண் சரியாக இருந்தது. தொட்டி தளும்பியது. ஷாஹினாஸ் எல்லோர் முன்னிலையிலும், "ஜெயிச்சது பாஷ்முஹந்திஸ்தான். தொழில்முறை வேலைன்னா இதுதான்" என்றாள். எட்டாம் மாடிக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார். இன்ஷிராஹ் அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அழுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் வியாழன். அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, ஷாஹினாஸ் பள்ளிக்குப் போனதும், புதுச் சிப்பும் கத்தரியுமாக மேலே போனேன், லிஃப்டிலேயே. இனி யாருக்குப் பயம்? முத்திரையை வெட்டினேன். பழைய சிப்பைக் கழற்றிப் புதியதை வைத்தேன், இந்த முறை பூட்டில்லாமல், கோடை நேரத்தோடு. சோதிக்கலாம் என்று சுவிட்சிலிருந்து போகும் வயரைத் தொடர்ந்தேன். அது மோட்டாருக்குப் போகவில்லை. தொட்டிக்குப் பின்னால் போயிற்று. பின்னால் ஒரு வெள்ளைப் பாலாடைக்கட்டி டப்பா, மழைக்கு நெகிழித்தாள் சுற்றி. திறந்தேன். உள்ளே நீலப் பலகை. அதன் சின்ன விளக்கு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஷாஹினாஸ் பள்ளியிலிருந்து வந்தபோது மேசையின் நடுவில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கையில் சுருட்டிய அட்டை ஒன்று.

"இது என்ன?"

"பாலாடைக்கட்டி டப்பா."

"உள்ளே?"

"பொம்மை."

"எப்பலேர்ந்து?"

"கடிகாரம் திருப்பின வாரம், ஞாயித்துக்கிழமை. வெள்ளி, சனி லீவு முடிஞ்சு நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க. இன்ஷிராஹ் அம்மா ஏணியைப் பிடிச்சுக்கிட்டாங்க. அரை மணி நேர வேலை."

"அப்ப நான் தினமும் போட்ட சுவிட்ச்?"

"அது என் பலகைக்கு ஒரு பொத்தான். நீங்க அமுக்கினா பலகை மோட்டாரை ஓட்டும். பொத்தானை அமுக்கினா விளக்கு எரியணும். எங்க பிள்ளைங்களுக்கு முதல் பாடமே அதுதான்."

"நான் அமுக்கலேன்னா?"

"அஞ்சே காலுக்கு அதுவா ஓட்டிடும். காய்ச்சல்ல ரெண்டு நாள் ஓட்டுச்சே."

காட்டிய மரியாதைக்காக ஒன்பது மாடிக்காரர்களுக்கும் நான் மனதுக்குள் நன்றி சொல்லியிருந்தேன்.

"சொல்லியிருக்கலாமே ஷாஹி. முப்பது நாள் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு ஏறினேனே."

"சொன்னா ஏறியிருப்பீங்களா?"

அவள் அட்டையை விரித்தாள். ஒரு வரைபடம். முப்பது புள்ளிகள், இறங்கிக்கொண்டே போகும் ஒரு கோடு. எங்கள் வாசலிலிருந்து சுவிட்சுவரை எத்தனை நிமிடம் என்று. முதல் புள்ளி பதினான்கு. கடைசிப் புள்ளி ஐந்து. மேலே சிறுமியின் கையெழுத்தில் தலைப்பு: "ஐம்பது தாண்டிய ஆண்: முப்பத்திரண்டு நாள் அவதானிப்பு."

"இன்னிக்குப் பள்ளிக்கூடக் கண்காட்சி. முதல் பரிசு" என்றாள்.

"என் பேரு?"

"சேச்சே, பேர் போடுவோமா? படம் மட்டும்தான்."

ஓரத்தில் படம் இருந்தது. வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, படியில் பூனை நடை, கையில் செருப்பு. ஐந்தாம் மாடிக்காரரின் மகள் வரைந்தது. நன்றாகவே வரைகிறாள்.

"வந்த பெத்தவங்களெல்லாம் ரொம்ப ரசிச்சாங்க. பிள்ளைங்க மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாங்க, இவ்வளவு படி ஏற வைக்கறதுக்கு அந்தப் பிராணிக்கு என்ன தீனி போட்டீங்க டீச்சர்னு."

"நீ என்ன சொன்னே?"

"தீனியே வேண்டாம் பொண்ணுங்களா, ஜெயிச்சுக்கிட்டிருக்கோம்னு மட்டும் அதை நம்ப வெச்சா போதும், தானா ஏறும்னு சொன்னேன்."